பதினேழாவது வார்டில் தண்ணீர் வந்த நாள்

சிரிப்பு வரும் அக்கா, நிச்சயம் வரும். மடியில் வைத்திருக்கிறீர்களே மிக்ஸி டப்பா, அதை இப்போதே கீழே வைத்துவிடுங்கள். அப்புறம் விழுந்து உடைந்தால் நான் பொறுப்பில்லை. ஆனால் இப்போது இல்லை. போனில் ஒன்பது சதவீதம்தான் சார்ஜ். ஒரே ஒரு தடவைதான் போட்டுக் காட்டுவேன். அதனால் முதலில் கதை. கதை தெரியாமல் கேட்டால் யாரோ இரண்டு ஆம்பளைகள் தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். கதை தெரிந்து கேட்டால்... ஐயோ, வேண்டாம், எனக்கே இப்போது சிரிப்பு வருகிறது.

நீங்கள் பஸ் ஏறும்போது, "சில்லறை வச்சிருக்கவங்க மட்டும் ஏறு, மத்தவங்கல்லாம் பின்னாடி வண்டி"னு ஒரு குரல் கேட்டதா? கண்டக்டர் இல்லை. கண்டக்டர் அப்போது டீக்கடையில் நின்றிருந்தார். நான்தான். ஒரு பெரியவர், பாவம், இறங்கியே போய்விட்டார். அப்புறம் நானே, "யோவ் பெருசு, சும்மா ஏறுய்யா"னு கூப்பிட்டேன். அதுவும் கண்டக்டர் குரலில்தான். அதோ, மூன்றாவது சீட்டில் உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள், கண்டக்டரைப் பார்த்துக் கும்பிடுகிறார்.

என் பெயர் வர்ஷினி. பிளஸ் ஒன். எனக்கு எந்தக் குரலும் வரும். எல்லாரும் வாயால் பேசுகிறார்கள் என்று நினைப்பீர்கள். கிடையாது. எங்கள் ஹெச்.எம். பல்லால் பேசுவார். எங்கள் ஊர் நகராட்சிக் கமிஷனர் மூக்கால் பேசுவார். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வந்தபோது ஒரு தடவை கேட்டேன், பிடித்துக்கொண்டேன். அப்பா எப்போதும் மைக் முன்னால் நிற்கிற மாதிரி பேசுவார், சோறு கேட்டாலும். அம்மா குரல்தான் ரொம்ப சுலபம். காற்றை முக்கால்வாசி உள்ளேயே வைத்துக்கொண்டு, மிச்சத்தில் பேசினால் போதும். "ஏங்க... வந்துட்டீங்களாங்க..." பார்த்தீர்களா? அவ்வளவுதான் அம்மா.

போன் அம்மாவுடையது. அதோ, டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம், ஊதா பார்டர் போட்ட புதுப் புடவை. பஸ்ஸில் அம்மாவுக்கு வாந்தி வரும், அதனால் எப்போதும் முன் சீட்டு. தூங்குகிறாள் என்று நினைக்கிறேன். பரவாயில்லை, இந்த இன்ஜின் போடுகிற சத்தத்தில் முன்னால் ஒன்றும் கேட்காது.

திண்டுக்கல்லுக்கு. பெரியம்மா வீட்டுக்கு. விசேஷம் ஒன்றும் இல்லை. இன்றைக்கு எங்கள் ஊர் நகராட்சியில் புதுக் கவுன்சிலர்கள் பதவி ஏற்கிறார்கள். பத்து மணிக்கு. "நாம ஊர்ல இருக்க வேணாம், பாக்குறவன் எல்லாம் துக்கம் விசாரிப்பான்"னு அப்பா சொல்லிவிட்டார். அவர் மட்டும் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். வரும்போது பார்த்தீர்களே, சீரியல் லைட் போட்டு, வாழைமரம் கட்டி ஒரு கட்டடம்? அதுதான் நகராட்சி ஆபீஸ். பஸ் திரும்புகிற வரைக்கும் அம்மா அந்தப் பக்கமே தலையைத் திருப்பி வைத்திருந்தாள். காற்றுக்காக. இல்லையென்றால் குமட்டும்.

சரி, கேளுங்கள். ஜன்னலைக் கொஞ்சம் தள்ளிக்கொள்கிறேன். எனக்கு ஒரே இடத்தில் உட்கார வராது.

எங்கள் பதினேழாவது வார்டில் நிற்பதற்கு அப்பா நாலு வருஷமாகத் தயாராக இருந்தார். செல்போன் கடையில் கூட்டம் இல்லாதபோது கண்ணாடியைப் பார்த்துக் கும்பிட்டுப் பழகுவார். கடைசியில் லிஸ்ட் வந்தது, பதினேழு பெண்கள் வார்டு. அப்பா ஒரு நாள் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது வந்து, "பூங்கோதை, நீ நிக்கிற"னு சொன்னார். அம்மா, "எங்கங்க?"னு கேட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

போஸ்டர் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அப்பா முழு உயரத்துக்குக் கும்பிடுகிறார். மூலையில் ரேஷன் கார்டு போட்டோ அளவுக்கு அம்மா. கீழே, "உங்கள் வேட்பாளர்". யார் வேட்பாளர் என்று போடவில்லை. சுயேச்சை. சின்னம் அலமாரி, நம் பேச்சில் பீரோ. மற்றவர்கள் எல்லாம் சின்னத்தைக் கையில் தூக்கிக் காட்டிக்கொண்டு போகிறார்கள். நாங்கள் நிஜமான பீரோவை டிரைசைக்கிளில் ஏற்றி, அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு... மாரியம்மன் கோயில் இறக்கத்தில் பீரோ முன்னால் போக, வேட்பாளரின் வீட்டுக்காரர் பின்னால் ஓட, "ஓட்டு கேக்குறாங்களா, வீடு காலி பண்றாங்களா?"னு ஒரு கிழவர் கேட்டார்.

அம்மாவுக்கு இதிலெல்லாம் துளிகூட இஷ்டம் இல்லை அக்கா. எனக்குத் தெரியும். வேட்புமனு கொடுத்த அன்றைக்கு, ஆபீஸ் பலகையில் பெயர்ப் பட்டியல் ஒட்டினார்கள். 'பூங்கோதை மு.' என்று டைப் அடித்திருந்தது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே நின்று அழுதாள். பயம். என்ன இருந்தாலும் பயம்தானே? எங்கள் தெருவில் அம்மாவை, 'செல்போன் கடைக்காரர் சம்சாரம்' என்றுதான் சொல்வார்கள். திடீரென்று பெயரை எழுதிப் பலகையில் ஒட்டினால் யாருக்குத்தான் பயம் வராது?

மைக்கும் அப்படித்தான். ஒரே ஒரு கூட்டம் போட்டோம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். அப்பா முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, "இப்போது வேட்பாளர் ரெண்டு வார்த்தை"னு மைக்கை நீட்டினார். அம்மா வாங்கினாள். ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். "நம்ம வார்டுக்கு ஒன்பது நாளைக்கு ஒரு தடவை..."னு தொடங்கினாள். அப்பா உடனே மைக்கை வாங்கிக்கொண்டு, "நன்றி வணக்கம்"னு முடித்துவிட்டார். அம்மா கஷ்டப்படக் கூடாதென்றுதான். மேடையிலிருந்து இறங்கும்போது அம்மா அந்த நோட்டைச் சுருட்டி இறுக்கிப் பிடித்திருந்தாள், பயத்தில்தான், நானே பார்த்தேன்.

அதனால் ஆட்டோ ஸ்பீக்கரில் போகிற குரல் நான், பதிவு பண்ணிக் கொடுத்தது. "உங்கள் வீட்டுப் பெண் பூங்கோதை பேசுகிறேன், தாய்மார்களே..." அம்மா குரல்தான், ஆனால் காற்றை வெளியே விட்டு. அம்மா அதைக் கேட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்காம்மா?"னு கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் அப்படிக் கெஞ்ச மாட்டேன்"னாள். கெஞ்சாமல் எப்படி ஓட்டு கேட்பது? அம்மாவுக்கு அரசியல் தெரியாது.

ஓட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. நீங்கள் போட்டீர்களா உங்கள் ஊரில்? பொய் சொல்லக் கூடாது. கை விரலைக் காட்டுங்கள். ...பார்த்தீர்களா, மையே இல்லை! அதேதான். எங்கள் வார்டிலும் அதேதான். நானும் அம்மாவும் வீடு வீடாகச் சிலிப் கொடுக்கப் போனோம். அம்மா அந்த நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டே வருவாள், பால் கணக்கோ என்னவோ. நான் குரல்களைப் பொறுக்கிக்கொண்டு வருவேன். ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர்: "சட்டசபைன்னா போடுவேன், பார்லிமென்ட்டுன்னா போடுவேன். சாக்கடைக்கெல்லாம் ஓட்டு போட்டுப் பழக்கமில்லைம்மா." தையல்காரர் வீட்டம்மா: "எலெக்‌ஷனா? அதான் போன வருசமே முடிஞ்சிருச்சே, திரும்ப ஏன் வெக்கிறாங்க?" பத்து நாளில் கல்யாணம் வைத்திருந்த ஒரு அக்கா கையை மடக்கிக்கொண்டு: "மை வெச்சா நகத்துல இருந்து போகவே மாட்டேங்குது. மருதாணி எப்படி வெக்கிறது? போட்டோல கறுப்பா விழும்." ஒரு வீட்டில் மட்டும், "போட்டா தண்ணி வருமா?"னு கேட்டார்கள். அம்மா அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கால் மரத்துப்போய்விட்டது.

அக்கா, நாட்டுக்கு ஆள் பிடிக்க வரிசையில் நிற்கிறவர்கள், வாசலில் ஓடுகிற சாக்கடைக்கு ஆள் பிடிக்க எழுந்திருக்க மாட்டார்கள். நான் சின்னப் பிள்ளை, எனக்கே இன்னும் ஓட்டு இல்லை. ஆனால் இது எனக்குப் புரிந்துபோனது. எழுந்திருக்க மனசில்லாத ஜனங்களை உட்கார வைக்க ஒரு சின்னக் காரணம் போதும்.

ஏன் உட்கார வைக்கணும்னா? அதுதானே விஷயம். ஓட்டுக்கு இரண்டு நாளைக்கு முன்னால் அப்பா சித்தப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் நான். "ஜெயிச்சதும் சீல் என் கையில, கையெழுத்து மட்டும் அவ கையில. மீட்டிங்குக்கு நான் போயிக்கிறேன். அவ அங்க வந்து என்ன பண்ணப் போறா?" அப்பா குரலைப் பார்த்தீர்களா, வீட்டுக்குள்ளேயே எக்கோ அடிக்கும். அப்போதுதான் எனக்கு அம்மாவை நினைத்து எப்படியோ இருந்தது. ஐந்து வருஷம். வேண்டாத வேலை, அதில் கையெழுத்து வேறு. யாராவது அம்மாவைக் காப்பாற்ற வேண்டும். யார் இருக்கிறார்கள்? என் வாய்தான் இருக்கிறது.

இல்லை, அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்கணுமா என்ன? பதினாறு வருஷமாகப் பார்க்கிறேன். கேட்டால், "அப்பா சொன்னா சரிதான்"னு சொல்வாள். நீங்கள் என்ன, வக்கீல் மாதிரி குறுக்கே குறுக்கே கேட்கிறீர்கள்? கதையைக் கேளுங்கள்.

ஓட்டு நாள். காலை ஏழு மணிக்கு முதல் ஆளாக அம்மா போய்ப் போட்டுவிட்டு வந்தாள். தலைக்குக் குளித்து, இதே புடவைதான். சீக்கிரம் முடித்துவிட்டு வந்து சமைக்க வேண்டும் அல்லவா. எதிராளி ஜெசிந்தாவின் ஆட்கள் காலையிலேயே வேனில் வந்து அவர்கள் ஓட்டைப் போட்டு முடித்தார்கள். அப்பாவின் கணக்கு வேறு. எங்கள் ஓட்டெல்லாம் பெண்கள். சமைத்து, துவைத்து, பூக்கட்டு வேலைக்கும் மில் வேலைக்கும் போய்விட்டு மூன்று மணிக்கு மேல்தான் வருவார்கள். "மூணுல இருந்து அஞ்சு, அதுதான் நம்ம நேரம்"னு அப்பா பத்துத் தடவை சொன்னார். பத்துத் தடவை சொன்னால் யாருக்கும் மனப்பாடம் ஆகிவிடும்.

இரண்டு மணி வரைக்கும் நூற்றுக்கு முப்பது பேர்கூடப் போடவில்லை. நான் பள்ளிக்கூட கேட்டில் நின்று எட்டிப் பார்த்தேன். உள்ளே ஆபீசர் ஒருவர் கொட்டாவி விடுகிறார். அவர் விட்டதைப் பார்த்து ஏஜென்ட் விடுகிறார். அதைப் பார்த்துப் போலீஸ்காரர் விடுகிறார். ஒரு கொட்டாவி வாசல் வரைக்கும் வந்து என்னைத் தொட்டுவிட்டுப் போனது.

ஓட்டு கேட்டுப் பேசுவதற்காக அப்பா ஒரு புது சிம் வாங்கி அம்மாவின் போனில் போட்டிருந்தார். போன் என் கையில். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புளியமரம் இருக்கிறது. அங்கே நின்று ஒரு போன் போட்டேன். யாருக்கு? எங்கள் பக்கம் இருக்கிற வார்டுகளுக்கெல்லாம் தண்ணீர் திறந்துவிடுகிற சின்னக்காளை அண்ணனுக்கு. யார் குரலில்? அவருடைய ஓவர்சியர் தனகோபால் சார் குரலில். அந்த சார் பேசினால் முதலில் ஒரு செருமல், கடைசியில் ஒரு "வெளங்குதா". நடுவில் என்ன இருந்தாலும் பரவாயில்லை. பதிவு போட்டுக்கொண்டுதான் பேசினேன், அந்தப் பேச்சுதான் இதில் இருக்கிறது. பொறுங்கள், பொறுங்கள். போடுகிறேன். எட்டு சதவீதம் ஆகிவிட்டது.

இரண்டேகாலுக்குத் தண்ணீர் வந்தது அக்கா. பதினேழாவது வார்டு முழுக்க. எங்கள் முறைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஒன்பது நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணீர் கேட்காமல் வந்தால், சும்மா இருப்பார்களா? குடம், பக்கெட், டிரம், குக்கர், குழந்தை குளிக்கிற டப். பூத்துக்குக் கிளம்பி நின்றவர்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு திரும்பி ஓடுகிறார்கள். அந்த நேரம் பார்த்து, ஓட்டு நாளில் மைக் கூடாதென்பதையும் மீறி, எங்கள் ஆட்டோ வந்தது. என் குரல்: "தாய்மார்களே, இன்னும் இரண்டு மணி நேரமே உள்ளது..." குழாயடியில் இருந்து ஒரு அக்கா கத்தினாள்: "நீ வந்து புடிச்சு வெய்யி, நான் போயிக் குத்திட்டு வர்றேன்!" இன்னொருத்தி: "அட, வேட்பாளரே இங்கதான்டி குடத்தோட நிக்குது. பூத்துல போயி யாருக்குப் போட?"

ஆமாம் அக்கா. அம்மாவும் வரிசையில்தான் நின்றாள். வீட்டுத் தொட்டி காலி, வேறு யார் பிடிப்பது? என் கையிலிருந்த போனைக் கேட்டு வாங்கிக்கொண்டாள், "நாலு பேரைக் கூப்புட்டுப் பேசுறேன்"னு. எங்கே பேசினாள்? கூட்டம் குறைந்ததும் எங்கள் வீட்டுக் குழாயில் பெரிய டிரம்மைப் போட்டுவிட்டு, பின்வாசல் கதவைச் சாத்திக்கொண்டாள். யாரையும் கூப்பிட்ட மாதிரி தெரியவில்லை. அப்பா தெருத்தெருவாக ஓடி, தொண்டை கட்டி, ஓட்டுக்கு ஆள் கேட்டுக் கெஞ்சுகிறார். அந்தக் கட்டின தொண்டையையும் எடுத்து வைத்திருக்கிறேன், அது தனியாக ஒரு நாள்.

மூன்றாம் நாள் எண்ணினார்கள். மொத்த ஓட்டு ஆயிரத்து அறுநூற்று நாற்பது. விழுந்தது அறுநூற்றுப் பதினொன்று. ஜெசிந்தா இருநூற்று ஐம்பத்திரண்டு. அம்மா இருநூற்று நாற்பத்து மூன்று. ஒன்பது! எங்கள் சித்தப்பாவும் சித்தியும் சித்தியின் அம்மாவும் மாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார்கள், போடவே இல்லை. அதிலேயே மூன்று. அப்பா அதைக் கேட்டுவிட்டு அந்தப் பீரோவைக் காலால் ஒரு உதை விட்டார். இன்னும் நொண்டுகிறார்.

அம்மாவா? வீட்டுக்கு வந்தாள், எல்லாக் குடத்தையும் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்தாள். புதுக் குடத்தைக்கூடத் தேய்த்தாள். நிம்மதி அக்கா. பெரிய பாரம் இறங்கினால் அப்படித்தான் வேலை ஓடும். எனக்குத்தான் உள்ளுக்குள் சிரிப்பு. இவ்வளவு பெரிய உதவி செய்திருக்கிறேன், வெளியே சொல்ல முடியவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் திண்டுக்கல்லில் இறங்கிப் போய்விடுவீர்கள்.

சின்னக்காளை அண்ணனுக்கு மெமோ கொடுத்தார்களாம். முறை இல்லாமல் திறந்ததற்கு. ஓவர்சியர் அன்றைக்கு ஊரிலேயே இல்லையாம், பழனிக்கு மொட்டை போடப் போயிருந்தாராம். "நீங்கதானய்யா போன் பண்ணீங்க"னு அண்ணன் சொல்ல, "நான் எப்படா பண்ணேன்?"னு இவர் கேட்க... அதெல்லாம் சரியாகிவிடும், மெமோதானே. அண்ணன் ஒரு நாள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ரொம்ப நேரம் பேசிவிட்டுப் போனார். அம்மா காபி கொடுத்தாள். மறுநாள் எனக்குத் தலை பின்னும்போது, "அந்த ஓவர்சியர் அன்னைக்கு ஊர்லயே இல்லையாம் வர்ஷி"ன்னாள். "அப்படியாம்மா?"ன்னேன். ரொம்ப இறுக்கிப் பின்னிவிட்டாள், அன்றைக்கு முழுக்க நெற்றி வலித்தது.

என்ன, நின்றுவிட்டது? ரயில்வே கேட்டா? நல்லதாகப் போயிற்று. டிரைவர் இன்ஜினையும் அணைத்துவிட்டார். இப்போது ஒவ்வொரு வார்த்தையும் துல்லியமாகக் கேட்கும். அம்மா தலை அசையவில்லை, தூங்குகிறாள். ஸ்பீக்கரில் போடுகிறேன். மிக்ஸியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

"ஹலோ..."

"ம்க்கும். காளை."

"ஐயா! சொல்லுங்கய்யா. புது நம்பரா இருக்கேய்யா?"

"நம்பர் புதுசுன்னா ஆளும் புதுசாய்யா? எங்க இருக்க?"

"டேங்க்குக்கிட்டதான்யா. இன்னைக்கு லீவுன்னு..."

"தண்ணிக்கு ஏதுய்யா லீவு? பதினேழைத் தொறந்து விடு. ரெண்டேகாலுக்குத் தொறந்தா அஞ்சரைக்கு மூடு. முழுசாத் தொற. வெளங்குதா?"

"ஐயா, அவங்க முறை நாளைக்கழிச்சுத்தானய்யா? எலெக்‌ஷன் அதுவுமா யாராச்சும் ஏதாச்சும் சொன்னா..."

"தண்ணி விட்டா எவன்யா குத்தம் சொல்லுவான்? விடலைன்னாதான் சொல்லுவான். மேல இருந்து எனக்குப் போனு. வெளங்குதா?"

"வெளங்குதுங்கய்யா. ஐயா சாப்ட்டீங்களாய்யா?"

"ஆச்சுய்யா. நீ சாப்ட்டியா?"

இந்த இடம் அக்கா, இந்த இடம்! கேளுங்கள்.

"...ஐயா. பதினோரு வருசத்துல இன்னைக்குத்தான்யா இப்படிக் கேக்குறீங்க. இதோ, ஓடிப்போயித் தொறந்து விடுறேன்யா. முழுசாத் தொறந்து விடுறேன்."

ஹா! என்ன அக்கா, சிரிக்கவே இல்லை? "நீ சாப்ட்டியா"னு கேட்டதற்கே உருகிவிட்டார் மனுஷன்! அது நான் திட்டம் போட்டுக் கேட்டது இல்லை, வாயில் வந்துவிட்டது. உங்களுக்குச் சிரிப்பு... சரி, விடுங்கள். ஒருவேளை கூட்டத்தில் கேட்டால்... இருங்கள், இது அதுவாகவே அடுத்ததுக்குப் போகிறது. இந்தப் போன் இப்படித்தான், ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக ஓடும். இது என்ன? தண்ணீர் விழுகிற சத்தம். டிரம்மில் விழுகிற சத்தம். அதே நாள், நாலு பத்து. நான் பதிவு செய்யவில்லையே.

"பூங்கோதை... ஆகிய நான்..."

அம்மா. அம்மாதான். காற்றை உள்ளே வைத்து... இல்லை, பொறுங்கள்.

"பூங்கோதை ஆகிய நான், பதினேழாவது வார்டின் உறுப்பினராக..."

"பூங்கோதை ஆகிய நான்!"

இது யார் அக்கா? இவ்வளவு உரக்க...

"வாழ்த்துகள்ம்மா. உக்காருங்க. உங்க வீட்டுக்காரர் எங்க, வரலையா?"

கமிஷனர்! அந்த மூக்கு! அச்சு அசலாகக் கமிஷனர்! எங்கள் பின்வாசலுக்குக் கமிஷனர் எப்படி...

"அவர் கடையில இருக்காரு சார். உறுப்பினர் நான். என்கிட்டப் பேசுங்க."

"ம்க்கும். இந்தாம்மா, பதினேழுக்கு ஒன்பது நாளைக்கு ஒரு தடவைதான். டேங்க் கொள்ளளவு அவ்வளவுதான். வெளங்குதா?"

"வெளங்கலை சார். எட்டு வருசமா வெளங்கலை. எந்தத் தெருவுக்கு, எந்தத் தேதியில, எத்தனை நிமிசம் விட்டீங்கன்னு இந்த நோட்டுல இருக்கு. வாசிக்கவா? உக்காந்துக்கங்க, நேரமாகும். முதல்ல எங்க தெரு. ஜனவரி மூணு..."

இது சிரிப்பா? அக்கா, நீங்கள் இப்போது சிரிக்கிறீர்கள். மூன்றாவது சீட்டுப் பெரியவர் சிரிக்கிறார். கண்டக்டர் சிரிக்கிறார். அம்மா போட்ட அந்தச் செருமல் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. என்னுடையதில் தொண்டை மட்டும்தான். இதில் ஓவர்சியரே இருக்கிறார்.

பால் கணக்கு இல்லை அது.

ஏழு மணிக்கு முதல் ஆளாக... அந்தப் புடவை... பலகையில் பெயரைத் தொட்டுப் பார்த்து... இன்றைக்கு ஏன் அதே புடவையைக் கட்டிக்கொண்டு...

அக்கா, கொஞ்சம் சிரிக்காமல் இருங்களேன். அணைக்க வரமாட்டேன் என்கிறது, விரல் வழுக்குகிறது. அம்மா திரும்பிவிட்டாள். தூங்கவே இல்லை அவள். என்னைத்தான் பார்க்கிறாள். இந்தப் பதிவுக்கு மேலேயே என்னுடையது இருந்திருக்கிறது. ஒன்று முடிந்தால் அடுத்தது ஓடுகிற போன் இது. கேட்டிருப்பாளா? கேட்டுவிட்டுத்தான் அன்றைக்குத் தலை பின்னினாளா?

என்ன சொல்கிறீர்கள்? அம்மா குரலை ரொம்ப அருமையாகச் செய்திருக்கிறேனா?

இல்லை அக்கா. இது நான் செய்தது இல்லை. நான் செய்தது இதற்கு முன்னால் போட்டேனே, அது.